நாற்பது வருஷக் கவுன்சிலர்

பத்மநாபபுரம் நகராட்சியில் மொத்தம் 21 வார்டுகள். தக்கலையும் இதற்குள்தான் வருகிறது, கோட்டைக்குள் இருக்கிற அரண்மனையும் இதற்குள்தான் வருகிறது. (ஊர் தமிழ்நாட்டில், அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் கையில். அது ஒரு தனிக்கதை. இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.)

இந்த 21 வார்டிலும் கவுன்சிலர் என்றால் ஜனங்களுக்கு நினைவுக்கு வருவது என்ன? தெருவிளக்கு எரியவில்லை என்றால் போன் போட வேண்டிய ஆள். தண்ணீர் வரவில்லை என்றால் திட்ட வேண்டிய ஆள். அவ்வளவுதான். கொஞ்சம் அரசியல் தெரிந்தவர்களைக் கேட்டால் அது ஒரு ஏணிப்படி என்பார்கள். இன்றைக்குக் கவுன்சிலர், நாளைக்குச் சேர்மன், யோகம் இருந்தால் எம்.எல்.ஏ. அந்த முதல் படியிலேயே உட்கார்ந்திருப்பவரை 'பிழைக்கத் தெரியாத மனுஷன்' என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடிப்பார்கள்.

அந்த முதல் படியிலேயே ஏறத்தாழ நாற்பது வருஷம் உட்கார்ந்திருந்த ஒருவர் சென்னையில் இருந்தார். மாகாணத்தின் முதன்மை அமைச்சர் பதவி தேடி வந்தபோதும் வேண்டாம் என்றவர். அவர் யாரென்று தெரியாமலே தமிழ்நாட்டில் பாதிப்பேர் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் தீபாவளி நெருங்கினால் தினமும். தி.நகர் என்கிறோமே, அந்த 'தி' அவர்தான். பிட்டி தியாகராயச் செட்டியார்.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் அவர் வருவது ஒரே ஒரு வரியில். 1916-ல் டி.எம். நாயர், நடேசனார், தியாகராயர் மூவரும் சேர்ந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தொடங்கினார்கள், பிற்பாடு அதுதான் நீதிக்கட்சி ஆனது. இரண்டு மார்க் கேள்விக்கு இது போதும். ஆனால் ஒரு சின்னக் கழித்தல் கணக்கு போட்டுப் பாருங்கள். அவர் பிறந்தது 1852-ல். கட்சி தொடங்கும்போது வயது 64! இந்தக் காலத்து அரசு ஊழியராக இருந்திருந்தால் எப்போதோ ஓய்வு பெற்றிருப்பார். அப்படியானால் அதற்கு முந்தைய முப்பத்து சொச்சம் வருஷம் அந்த மனுஷர் என்ன செய்துகொண்டிருந்தார்?

மாநகராட்சிக் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.

1882-ல் அவர் உள்ளே நுழைகிறார், வயது முப்பது. உள்ளாட்சியை இந்தியர்கள் கையில் கொஞ்சமாவது கொடுக்க வேண்டும் என்று ரிப்பன் பிரபு தீர்மானம் கொண்டுவந்ததும் அதே 1882-ல்தான். அப்போது ரிப்பன் கட்டடமே கிடையாது. அதற்கு 1909-ல்தான் அடிக்கல், 1913-ல்தான் திறப்பு. சென்னையின் ஜனத்தொகை 1881 கணக்கெடுப்பில் நாலு லட்சம் சொச்சம். அவர் மன்றத்தை விட்டு வெளியே வருகிற 1920-களின் தொடக்கத்தில் அது ஐந்தே கால் லட்சம்.

இந்த நாற்பது வருஷத்தில் சென்னை என்ன ஆனது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 1895-ல் மின்சார டிராம் ஓடுகிறது. 1900-ல் மூர் மார்க்கெட் திறக்கிறது. (1985-ல் எரிந்துபோன அதே மூர் மார்க்கெட்தான். மாநகராட்சித் தலைவராக இருந்த வெள்ளைக்காரர் பெயர் அது.) செங்குன்றம் ஏரித் தண்ணீர் 1872 முதலே ஊருக்குள் வந்துகொண்டிருந்தாலும், அதை வடிகட்டி அனுப்புகிற கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் வந்தது 1914-ல்.

இதில் எதையாவது காட்டி 'தியாகராயர் கட்டினார்' என்று சொன்னால் அது பொய். கவுன்சிலர் எதையும் கட்டுவதில்லை. பொறியாளர் கட்டுவார், அதிகாரி கையெழுத்துப் போடுவார், கவர்னர் ரிப்பன் வெட்டுவார். (இந்த ரிப்பன் வேற ரிப்பன்!) கவுன்சிலர் செய்வது பட்ஜெட் வரும்போது கையைத் தூக்குவது, தூக்காமல் இருப்பது, 'போன வருஷம் இதே தலைப்பில் இவ்வளவு ஒதுக்கினீர்களே, அது எங்கே?' என்று கேட்பது. அந்தக் கடைசி வேலை இருக்கிறதே, அதுதான் முக்கியம். அதைக் கேட்க வேண்டுமென்றால் போன வருஷமும் அந்த ஆள் அங்கே இருந்திருக்க வேண்டும்.

பி.காம் படிக்கிறவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு கம்பெனியின் ஒரு வருஷ இருப்புநிலைக் குறிப்பை மட்டும் கொடுத்து 'எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. அடுத்தடுத்த பத்து வருஷக் கணக்கு கையில் இருந்தால்தான் எங்கே ஓட்டை என்பது தெரியும். 1872-ல் வந்த தண்ணீருக்கு 1914-ல் வடிகட்டி என்றால் இடையில் 42 வருஷம். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாறுகிற ஆட்களாக இருந்தால் இதைப்போன்ற ஒரு வேலையை முதலிலிருந்து முடிவு வரை பார்த்தவர் என்று அந்த அறையில் அதிகாரியைத் தவிர ஒருவரும் இருக்க மாட்டார். அதிகாரி சொல்வதுதான் சரித்திரம். கவுன்சிலர் தலையாட்ட வேண்டியதுதான்.

தியாகராயருக்கு எண்கள் புதிதல்ல. மாநிலக் கல்லூரியில் படித்து 1876-ல் பட்டம் வாங்கியவர். வேலைக்குப் போகாமல் வடசென்னையில் நெசவுத் தொழிலை எடுத்து நடத்தியவர். 1909-ல் உருவான தென்னிந்திய வர்த்தக சபையின் முதல் தலைவரும் இவரே, பத்து வருஷத்துக்கு மேல் அந்த நாற்காலியில் இருந்தார். அரசியல்வாதி வியாபாரம் செய்வது நமக்குப் பழக்கமான காட்சி. இவர் வியாபாரி, நகரத்தின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கப் போனவர். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

1919-ல் புதுச் சட்டம் வருகிறது. அதுவரை மாநகராட்சித் தலைவர் என்றால் அரசு நியமிக்கிற வெள்ளைக்கார அதிகாரி. புதுச் சட்டப்படி மன்றமே தன் தலைவரைத் தேர்ந்தெடுக்கலாம், நிர்வாகத்துக்குத் தனியாக ஒரு கமிஷனர். அப்படி வந்த அதிகாரியல்லாத முதல் தலைவர் தியாகராயர். ('மேயர்' என்ற பெயரெல்லாம் 1933-ல்தான் வந்தது.) கிட்டத்தட்ட 37 வருஷம் காத்திருந்து கிடைத்த பதவி. இப்போது வார்டு வெற்றிச் சான்றிதழ் கையில் ஏறிய மறுநாளே சேர்மன் பதவிக்கு ஆள் பிடிக்கக் கிளம்புகிறவர்களுக்கு இதெல்லாம் பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம்.

அந்தப் பதவியில் அவர் என்ன செய்தார்? 1920-ஆம் வருஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

1920 செப்டம்பர் 16. மன்றத்தின் முன்னால் ஒரு தீர்மானம். ஆயிரம் விளக்குப் பகுதியில் இருக்கும் மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்க வேண்டும், ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாது. காரணம் சிம்பிள். அங்கே படிக்கிற பிள்ளைகள் ரொம்பவும் ஏழைகள், அதனால் பள்ளியில் ஆள் குறைகிறது. தீர்மானம் நிறைவேறுகிறது.

ஒரு அணா என்றால் ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. நூறு பிள்ளைகளுக்குச் சோறு போட ஒரு நாளைக்கு ஆறேகால் ரூபாய். ஒரு பெரிய மனிதரின் தேநீர் விருந்துக்குக்கூட இதைவிட அதிகம் ஆகியிருக்கும். ஆனால் மதிய உணவு வேறு நாலு பள்ளிகளுக்கும் பரவிய பிறகு, அந்த ஐந்து பள்ளிகளிலும் சேர்த்துப் படித்தவர்கள் 1922-23-ல் 811 பேர், 1924-25-ல் 1,671 பேர். இரண்டே வருஷத்தில் இரட்டிப்பு! பசியும் படிப்பும் சம்பந்தப்பட்டவை என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பிரசங்கமும் சொன்னதில்லை.

இந்தத் திட்டம் ஒரு கவுன்சிலரின் மூளையில் மட்டும்தான் உதிக்க முடியும் என்று தோன்றுகிறது. கோட்டையில் உட்கார்ந்து பார்த்தால் 'மாகாணக் கல்வி நிலைமை' தெரியும். ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகள் வராமல் போவது தெரியாது.

அதே 1920-ன் கடைசியில் மாகாணத் தேர்தல். காங்கிரஸ் ஒதுங்கிக்கொள்ள, மொத்தம் 98 இடங்களில் 63 நீதிக்கட்சிக்கு. கட்சித் தலைவர் தியாகராயர், அவரும் சட்டமன்றத்துக்குத் தேர்வாகியிருக்கிறார். கவர்னர் வில்லிங்டன் அவரைத்தான் ஆட்சி அமைக்கக் கூப்பிட்டார். இவர் வேண்டாம் என்று சொல்லி சுப்பராயலு ரெட்டியாரைக் கைகாட்டினார். டிசம்பர் 17-ல் ரெட்டியார் முதன்மை அமைச்சர் ஆனார்.

இதைத் 'தியாகம்' என்று எழுதிவைத்திருக்கிறார்கள். பெயரிலேயே தியாகம் இருப்பதால் எழுதுவதற்கும் வசதி. ஆனால் அப்படிச் சொல்வது அவரைக் கொஞ்சம் குறைத்துச் சொல்வதாகிவிடும். தியாகம் என்றால் பெரியதை விட்டுவிட்டுச் சின்னதோடு இருப்பது. மாநகராட்சி சின்னது என்று அவர் நினைத்ததாக அவருடைய வாழ்க்கையில் எந்த அடையாளமும் இல்லையே! 68 வயதில் ஒரு மனுஷர் தான் நாற்பது வருஷமாகக் கற்றுக்கொண்ட வேலையை விட்டுவிட்டுப் புது வேலைக்குப் போக விரும்பவில்லை, அவ்வளவுதான். அதுவும் இரட்டை ஆட்சியில் மந்திரிகளுக்குக் கொடுக்கப்பட்ட துறைகள் சில. கஜானா சாவி ஆங்கிலேயர் பக்கமே இருந்தது. ஒரு அணாவுக்குத் தீர்மானம் போட முடிந்த நாற்காலி பெரியதா, சாவி இல்லாத நாற்காலி பெரியதா என்று கேட்டால் பதில் அவ்வளவு சுலபமில்லை.

மற்ற பெரிய பெயர்களைப் பாருங்கள். ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். பெரியார் ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்தார். நேரு அலகாபாத்தில், பட்டேல் அகமதாபாத்தில், சுபாஷ் போஸ் கல்கத்தாவில். எல்லோரும் நகராட்சி வழியாகப் போனவர்கள். போக வேண்டிய இடத்துக்குப் போனார்கள், அதில் தப்பில்லை. தங்கிவிட்டவர் என்று சொல்ல இந்த வரிசையில் ஆள் குறைவு. நாயரும் மாநகராட்சி உறுப்பினராக இருந்தவர்தான், அங்கே அவருக்கும் தியாகராயருக்கும் ஆகவே ஆகாது. நடேசனார் நடுவில் புகுந்து இருவரையும் ஒன்றாக உட்கார வைத்த பிறகுதான் கட்சியே பிறந்தது.

சரி, இதுவரைக்கும் பாராட்டு. இப்போது மறுபக்கம்.

முதலாவது, அவரை நாற்பது வருஷம் தேர்ந்தெடுத்தவர்கள் யார்? ஊர் ஜனங்கள் அல்ல. வரி கட்டுகிற, சொத்து உள்ள ஆண்கள். ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஒரு அணாச் சோறு சாப்பிட்ட பிள்ளைகளின் தகப்பன்மாருக்கு ஓட்டு இருந்திருக்க வாய்ப்பே இல்லை. எளிதில் தோற்காத இடத்தில் நாற்பது வருஷம் இருப்பதும், எல்லோரும் ஓட்டுப் போடுகிற இடத்தில் இருப்பதும் ஒன்றல்ல.

இரண்டாவது, 1921-ல் பின்னி ஆலை வேலைநிறுத்தம். அது புளியந்தோப்பில் சாதிக் கலவரமாக மாறியபோது நீதிக்கட்சித் தலைவர்கள் ஆதிதிராவிட மக்கள் பக்கம் நிற்கவில்லை. எம்.சி. ராஜா 1923-ல் கட்சியை விட்டே போய்விட்டார். கட்சியின் தலைவர் என்ற முறையில் அந்தக் கணக்கு தியாகராயர் பெயரிலும்தான் ஏறும். வார்டு வார்டாக ஊரைத் தெரிந்தவருக்கும் புளியந்தோப்பு தெரியாமல் போயிற்று என்பது வருத்தமான விஷயம். 1922 ஜனவரியில் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்தபோது வரவேற்றவர்களில் இவரும் ஒருவர், அதற்காக ஒரு கூட்டம் இவர் வீட்டையே சூழ்ந்தது. வெள்ளுடை வேந்தர் என்று பட்டம் கொடுத்த அதே ஊர்தான்.

மூன்றாவதுதான் மனதை அறுப்பது. அந்த மதிய உணவு என்ன ஆனது தெரியுமா? தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்யக்கூடாது என்று அரசு ஆட்சேபித்தது. 1925 ஏப்ரல் 1-ஆம் தேதி திட்டம் நின்றது. அப்போது கோட்டையில் முதன்மை அமைச்சர் பனகல் அரசர், இவருடைய கட்சிக்காரர். 27 நாள் கழித்து, ஏப்ரல் 28-ல், தியாகராயர் இறந்துபோனார்.

முதன்மை அமைச்சர் பதவியை அவர் எடுத்துக்கொண்டிருந்தால் அந்த அணாவைக் காப்பாற்றியிருக்க முடியுமா? நிதி ஆங்கிலேயர் கையில் இருந்த நிலையில் அதுவும் நிச்சயமில்லை. ஆனால் கவுன்சிலர் எவ்வளவு நல்லவராக, எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், மேலே இருக்கிறவர்கள் ஒரு காகிதத்தில் நிறுத்திவிட முடியும் என்பது மட்டும் நிச்சயம். பிற்பாடு 1956-ல் காமராஜர் மாநிலம் முழுவதும் மதிய உணவைக் கொண்டுவந்தபோது செலவு மாநிலக் கஜானாவின் பொறுப்பிலும் வந்தது. (குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் அதே 1956 நவம்பர் 1-ல்தான்.) யோசனை வார்டிலிருந்து வந்தது, அது நிலைத்தது கோட்டைக்குப் போன பிறகு.

இப்போதைய நிலைமைக்கு வருவோம். இன்னொரு தியாகராயர் வர முடியுமா? நாற்பது வருஷம் வேண்டாம், இருபது வருஷம் ஒருவர் தொடர்ச்சியாகக் கவுன்சிலராக இருக்க முடியுமா?

சென்னை மாநகராட்சி மன்றம் 1973-ல் கலைக்கப்பட்டது. அடுத்த மன்றம் வந்தது 1996-ல். 23 வருஷம் கவுன்சிலரே இல்லாத மாநகரம்! அதன் பிறகு தேர்தல்கள் ஒழுங்காக நடந்து, மறுபடியும் 2016 அக்டோபரில் தமிழ்நாடு முழுக்க நகர்ப்புற மன்றங்களின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல். இடையில் ஐந்து வருஷத்துக்கு மேல் பத்மநாபபுரம் உட்பட எல்லா ஊரிலும் தனி அலுவலர் ஆட்சி. எம்.எல்.ஏ. இல்லாமல் ஐந்து வருஷம் சட்டமன்றம் பூட்டிக்கிடந்தால் நாடே கொதிக்கும். கவுன்சிலர் இல்லாததை எத்தனை பேர் கவனித்தார்கள்? கவனிக்காமல் போனதற்குக் காரணமும் அதே ஏணிப்படி நினைப்புதான். படி இல்லாவிட்டால் ஏறுகிறவனுக்குத்தானே கஷ்டம், ஊருக்கு என்ன என்று இருந்துவிட்டோம்.

அடுத்து வார்டு சுழற்சி. இன்றைக்குப் பொது வார்டு, நாளைக்குப் பெண்கள் வார்டு, இல்லையென்றால் பட்டியல் சாதியினர் வார்டு. இதைக் குறை சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. பாதி இடம் பெண்களுக்கு என்ற சட்டம் இருந்ததால்தான் 2022-ல் ஊர் ஊராகப் பெண்கள் மன்றத்துக்குள் வந்தார்கள். தியாகராயரின் அதே வடசென்னையிலிருந்து முப்பது வயதுகூட ஆகாத, எம்.காம் படித்த ஒரு தலித் பெண், பிரியா, சென்னைக்கு மேயரானார். 1882-ல் ஓட்டுப்போட்ட கனவான்கள் இதைக் கனவில்கூட நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் சுழற்சி வந்தால் பழகிய வார்டு கைவிட்டுப் போகும் என்பதும் உண்மை. கட்சிகள் மனது வைத்தால் நன்றாக வேலை பார்த்தவருக்குப் பக்கத்து வார்டைக் கொடுக்கலாம். பெரும்பாலும் நடப்பது அவர் மனைவிக்கு அதே வார்டைக் கொடுப்பது.

மூன்றாவது, பணம். தியாகராயருக்கு நெசவாலை இருந்தது, சம்பளம் தேவையில்லை. இல்லாதவர் என்ன செய்வார்? 2023-ல்தான் தமிழ்நாட்டில் மாத மதிப்பூதியம் என்று ஒன்று வந்தது. மாநகராட்சிக் கவுன்சிலருக்கு 10,000 ரூபாய், நகராட்சிக் கவுன்சிலருக்கு 5,000. பத்மநாபபுரம் வார்டு உறுப்பினர் மாதம் 5,000 ரூபாயில் மாசம் முழுக்கத் தெருவிளக்கு போன் எடுக்க வேண்டும், கல்யாண வீடு துக்க வீடு போக வேண்டும், பெட்ரோலும் போட வேண்டும். நாளுக்குச் சுமார் 167 ரூபாய். இதற்குச் சொத்து உள்ளவர் வருவார், இல்லையென்றால் கான்ட்ராக்டரோடு சேர்ந்து வேறு வழியில் சரிக்கட்டுகிறவர் வருவார். நடுவில் இருக்கிற ஆள், கணக்கு தெரிந்த, நேர்மையான, மாசச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற ஆள், வர மாட்டார். இந்தத் தொகையைக் கூட்டச் சொன்னால் 'ஏற்கெனவே அடிப்பது போதாதா' என்று கேட்பார்கள். அடிக்காதவர் வர வேண்டும் என்பதற்காகத்தான் கூட்டச் சொல்வது!

2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றங்களின் ஐந்து வருஷக் கணக்கு 2027 மார்ச்சோடு முடிகிறது. 21 வார்டிலும் யார் எத்தனை கூட்டத்துக்கு வந்தார், எந்தத் தீர்மானத்தில் என்ன பேசினார், பட்ஜெட் அன்று வாயைத் திறந்தாரா என்பதெல்லாம் நகராட்சி அலுவலகத்தில் கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தில் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, பத்து ரூபாய்க் கட்டணம். தக்கலைக்கு பஸ் சார்ஜ் தனி.